தோளுக்கு ஏற்ற கட்டை

துப்பாக்கி வாங்குவது பற்றி தில்லியில் பேச்சு எழும்போதெல்லாம் விவாதம் குழலின் பக்கமே நின்றுவிடுகிறது. 5.56 மி.மீ. தோட்டாவா, 7.62ஆ? எத்தனை மீட்டர் பாயும்? எந்த நாட்டுத் தயாரிப்பு? எத்தனை கோடி? துப்பாக்கியின் மறுமுனையை, அதாவது சுடுகிறவரின் தோளில் அழுந்தும் முனையை, யாரும் விசாரிப்பதில்லை.

ராணுவத்திலும் போலீஸிலும் அதற்குப் பெயர் 'பட்'. பத்திரிகைகளில் 'துப்பாக்கிக் கட்டை'. அதுவும் பெரும்பாலும் யாரோ அதனால் அடி வாங்கிய செய்தியில்தான் வரும். 'கோத்' என்று அழைக்கப்படும் ஆயுத அறையில் ஜவான் தன் துப்பாக்கியைக் கேட்டு வாங்குவது, கட்டையில் பெயின்டால் எழுதப்பட்ட 'பட் நம்பரை'ச் சொல்லித்தான். அந்த எண் அவருடையது. அந்தக் கட்டையின் நீளம் அவருடையதா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

இப்போது கேட்க வேண்டிய நேரம். காஷ்மீரில் தீவிரவாதம் தலைதூக்கிய 1990களின் தொடக்கத்தில் கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து அவசர அவசரமாக வாங்கப்பட்ட ஏ.கே. ரகத் துப்பாக்கிகள் இன்னும் பணியில் இருக்கின்றன. அவற்றின் இரும்பு உழைக்கிறது, மரம் களைத்துவிட்டது. புதுத் துப்பாக்கிக்கு டெண்டர் விட்டால் கைக்கு வர ஆண்டுகள் ஆகும். கட்டை, கைப்பிடி, முன்பிடி, மேல்மூடி ஆகியவற்றை மட்டும் மாற்றினால் பழைய துப்பாக்கிக்குப் புது வாழ்வு. இஸ்ரேலின் ஃபேப் டிஃபென்ஸ் நிறுவனத்தின் மாற்றுப் பாகங்கள் சிறப்புப் படையினரின் துப்பாக்கிகளில் பல ஆண்டுகளாகவே தென்படுகின்றன. பெங்களூரின் எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ் நிறுவனமும் இதே வேலைக்கான உள்நாட்டுத் தொகுப்பைத் தயாரிக்கிறது. ஆக, கட்டையைத் தேர்ந்தெடுப்பது கடைநிலை ஆர்மரரின் தலைவலி என்ற நிலை மாறி, படைத் தலைமையகங்கள் முடிவெடுக்க வேண்டிய விஷயமாகிவிட்டது. முடிவு சரியாக அமையுமா என்பதுதான் கேள்வி.

கட்டையின் வேலை என்ன? துப்பாக்கியைத் தோளோடும் கன்னத்தோடும் சேர்த்து ஒரே உறுப்பாக்குவது. பின்னுதைப்பைத் தோள் வாங்கிக்கொள்ள வேண்டும். கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமர வேண்டும். அப்போதுதான் கண் குறிக்கு நேர் வரும். விசையிலிருந்து கட்டையின் கடைசி முனை வரை உள்ள தூரம் மிக முக்கியம். அது அதிகமானால் சுடுகிறவர் கையை எட்டிப் பிடிக்க வேண்டும், உடம்பு பின்னால் சாயும், கட்டை தோள் குழியிலிருந்து புஜத்துக்கு நழுவும். இரண்டாவது தோட்டா எங்கே போகும் என்று சொல்ல முடியாது. தூரம் குறைந்தால் மூக்கு கட்டைவிரலில் இடிக்கும்; ஆனாலும் சமாளித்துவிடலாம். நெட்டையர் குட்டைக் கட்டையோடு காலம் தள்ளுவார். குட்டையர் நெட்டைக் கட்டையோடு தள்ள முடியாது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் தேர்வில் பாதி முடிந்தது.

சரி பார்க்க ஒரு பழைய வழி உண்டு. தோட்டா இல்லாத துப்பாக்கியின் கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து, அதே கையின் ஆள்காட்டி விரலை விசையை நோக்கி நீட்டிப் பார்ப்பது. விரல் வசதியாக எட்டினால் கட்டை ஏறக்குறைய சரி. எட்டவில்லை என்றால் நீளம் அதிகம். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், நிபுணர் குழு வேண்டாம். ஒரு நிமிடம் போதும்.

வெள்ளைக்காரன் காலத்தில் அந்த ஒரு நிமிடம் ஒதுக்கப்பட்டது. எல்லோருக்கும் தெரிந்த .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் கட்டை ஒரே அளவில் வரவில்லை. நார்மல் என்பது பொது அளவு. அதைவிட அரை அங்குலம் நீண்டது லாங். அரை அங்குலம் குறைந்தது ஷார்ட். ஒரு முழு அங்குலம் குறைந்தது பாண்டம். குட்டை இனக் கோழியின் பெயர். கட்டையில் எழுத்து முத்திரை இருக்கும். துப்பாக்கியின் உடலோடு அதை இணைப்பது உள்ளே ஓடும் ஒற்றை நீள போல்ட். நீண்ட ஸ்குரூடிரைவர் வைத்திருக்கும் ஆர்மரர் சில நிமிடங்களில் ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பொருத்தலாம். ஆறடி சீக்கியரும் ஐந்தடிச் சொச்ச கூர்க்காவும் ஒரே ராணுவத்தில் இருந்த காலம் அது. காலனி அரசுக்கு ஜவான் மேல் பாசம் பொங்கி வழியவில்லை. குறி தவறும் தோட்டா செலவு என்ற கணக்கு அதற்குத் தெரிந்திருந்தது.

1960களில் வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் செல்ஃப் லோடிங் ரைஃபிள் தயாராகி .303ஐ ராணுவத்திலிருந்து ஓரங்கட்டியது. போலீஸ் நிலையங்களில் .303 அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு வாழ்ந்தது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020ல்தான் விடை கொடுத்தது. 1998ல் வந்த இன்சாஸ் ரைஃபிளில் மரம் போய் பாலிமர் வந்தது. கட்டையில் இரண்டு தேர்வுகள் இருந்தன: ஒன்று நிலையானது, மற்றொன்று மடக்கக்கூடியது. இரண்டுமே நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கொண்டவை அல்ல. கார்கில் போரில் இன்சாஸின் மேகஸின்கள் குளிரில் விரிசல் விட்டதும், மூன்று தோட்டா சுட வேண்டிய துப்பாக்கி நிற்காமல் சுட்டதும் நாடெங்கும் பேசப்பட்டன. கட்டையின் நீளம் பற்றிப் பேச்சே எழவில்லை. தோளுக்குப் பொருந்தாத கட்டை உடைவதில்லை, வெடிப்பதில்லை. குறியைச் சற்று விலக்கிவிட்டுச் சும்மா இருந்துவிடும். பழி ஜவானின் மேல் விழும்: 'சுடத் தெரியவில்லை.'

அதே ராணுவம் 2011ல், குழலை மாற்றினால் இரு வேறு தோட்டாக்களைச் சுடக்கூடிய துப்பாக்கி வேண்டும் என்று உலகச் சந்தையில் டெண்டர் விட்டது. நான்கு ஆண்டு அலைச்சலுக்குப் பின் 2015ல் அது கைவிடப்பட்டது. ஒரே துப்பாக்கிக்கு இரண்டு குழல்கள் என்று கனவு காண முடிந்தவர்களுக்கு, ஒரே துப்பாக்கிக்கு மூன்று கட்டைகள் என்ற எளிய யோசனை தோன்றவில்லை.

அமெரிக்காவும் இந்தப் பாடத்தைச் செலவு செய்துதான் கற்றது. வியட்நாம் போரில் தென் வியட்நாம் வீரர்களுக்கு அது கொடுத்த எம்-1 காரண்ட் ரைஃபிள் நாலே கால் கிலோவுக்கு மேல். சிறிய உடல்வாகு கொண்டவர்களுக்கு அது பாரமாகவும் நீளமாகவும் இருந்தது. இரண்டரை கிலோகூட இல்லாத எம்-1 கார்பைனையே அவர்கள் விரும்பினார்கள். பிறகு 1980களில் எம்-16 ரைஃபிளைத் திருத்தி ஏ-2 வடிவம் கொண்டு வந்தபோது கட்டையை ஒன்றரை செ.மீ. அளவுக்கு நீட்டினார்கள். நெட்டையான மரைன்களுக்கு மகிழ்ச்சி. குண்டு துளைக்காத ஜாக்கெட் எல்லோருக்கும் வந்த பிறகு அந்த ஒன்றரை செ.மீ. எல்லோருக்கும் இடைஞ்சல். 1994ல் ஏற்கப்பட்ட எம்-4 கார்பைனில் கட்டையை உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம், நடுவிலும் நிறுத்தலாம். காலப்போக்கில் காலாட்படையின் பொதுத் துப்பாக்கியாகவே அது ஆனதற்கு குட்டைக் குழல் மட்டும் காரணமல்ல, நகரும் கட்டையும் ஒரு காரணம்.

ஜாக்கெட் விஷயம் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. 1.86 லட்சம் குண்டு துளைக்காத ஜாக்கெட்டுகளுக்கு ராணுவம் 2018ல் ஒப்பந்தம் செய்தது. மத்திய ஆயுதப் போலீஸ் படைகளும் வாங்கியிருக்கின்றன. ஜாக்கெட்டின் தகடும் துணியும் மார்பின் முன்னே சில செ.மீ. கனத்தை ஏற்றுகின்றன. வெறும் சட்டையில் சரியாகப் பொருந்திய கட்டை, ஜாக்கெட் மேல் அதே அளவு நீண்டதாகிவிடும். பயிற்சி மைதானத்தில் சட்டையோடு சுட்டுத் தேறியவர், ஷோபியானின் சந்திலோ சுக்மாவின் காட்டிலோ ஜாக்கெட்டோடு சுடும்போது அவர் கையில் இருப்பது வேறு துப்பாக்கி.

இன்னொரு மாற்றம் இதைவிடப் பெரியது. சி.ஆர்.பி.எஃப்.பின் முதல் மகளிர் படைப்பிரிவு 1986லேயே அமைந்தது. 2016ல் சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். கான்ஸ்டபிள் பணியிடங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்க மத்திய அரசு முடிவு செய்தது. ராணுவப் போலீஸில் பெண் ஜவான்களின் முதல் அணி 2021ல் பயிற்சி முடித்தது. இவர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைப் பார்த்தாலே போதும். மத்தியப் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வில் பொதுவாக ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 170 செ.மீ. பெண்களுக்கு 157. பழங்குடிப் பெண்களுக்கு 150. அதாவது ஒரே படையில் இருபது செ.மீ. வித்தியாசம் இருக்கும் என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. உயரம் குறைந்தால் கையும் குறையும். ஆனால் துப்பாக்கி வழங்கும் பதிவேட்டில் அப்படி எந்தப் பிரிவும் இல்லை. 150 செ.மீ. பெண்ணும் 185 செ.மீ. ஆணும் ஒரே அளவுக் கட்டையில் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்கிறார்கள். சுடும் தேர்வில் பெண்களின் மதிப்பெண் குறைந்தால், காரணம் தேடுகிறவர்கள் முதலில் துப்பாக்கியை அளந்து பார்ப்பதே நியாயம்.

ஆகவே மாற்றுக் கட்டை என்றால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கட்டை என்று முடிவு செய்துவிடலாமா? அவ்வளவு எளிதல்ல. ஏ.கே. துப்பாக்கியின் அசல் மரக்கட்டை, மேற்கத்திய பாணிக் கட்டையைவிட ஏற்கெனவே சுமார் மூன்று செ.மீ. குட்டை. சோவியத் சிப்பாயின் தடித்த குளிர்கோட்டுக்கு அது வசதியாக இருந்தது; சராசரி இந்திய உடம்புக்கும், கோட்டின் இடத்தைப் பிடித்த ஜாக்கெட்டுக்கும் அது வசதிதான். இன்று சந்தையில் வரும் மாற்றுக் கட்டைகளில் பல, அமெரிக்க வாங்குபவரின் தோளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. எம்-4 பாணிக் குழாயை ஏ.கே.யின் பின்னால் ஓர் இணைப்போடு பொருத்தும்போது நீளம் கூடுகிறது. சிலவற்றில் முழுக்க உள்ளே தள்ளிய நிலையே பழைய மரக்கட்டையின் நீளத்தைத் தாண்டிவிடும். ஆறு நிலைகள் என்று விளம்பரம் சொல்லும். நம் ஜவானுக்குத் தேவையான நிலை அந்த ஆறில் இல்லாமல் போகலாம். வாங்குபவர் கேட்க வேண்டியது எத்தனை நிலைகள் என்றல்ல. மிகக் குறைந்த நிலையில் விசையிலிருந்து எத்தனை செ.மீ. என்பதே கேள்வி.

அடுத்தது உயரம், அதாவது கன்னம் அமரும் இடம். ஏ.கே.யின் கட்டை இரும்புக் குறிகளுக்கு ஏற்பத் தாழ்வானது. இப்போது துப்பாக்கியின் மேல் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடிக் குறிகளைப் பொருத்துகிறார்கள். அவை இரும்புக் குறியைவிட உயரத்தில் உட்காரும். பழைய கட்டையில் கன்னத்தை வைத்தால் புள்ளி தெரியாது. தலையைத் தூக்கினால் கன்னம் காற்றில் நிற்கும், தாடைதான் கட்டையைத் தொடும். விலை உயர்ந்த கண்ணாடியை வாங்கிப் பழைய கட்டையின் மேல் பொருத்துவது, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு பழைய கண்ணாடியின் மேலாகப் பார்ப்பது போல. கன்னத்தை உயர்த்தும் மேல்திண்டு உள்ள கட்டை இங்கே உதவும். ஆனால் அந்தத் திண்டு, இரும்புக் குறியை மறைக்காத அளவுக்கே இருக்க வேண்டும். பேட்டரி தீரும் நாள் ஒன்று வரும்.

மூன்றாவது, பொருந்துமா என்ற கேள்வி. பெயர் ஏ.கே.தான், குடும்பம் பெரியது. இரும்புப் பாளத்தைக் குடைந்து செய்த உடல் ஒரு வகை. தகட்டை வளைத்துச் செய்த உடல் இன்னொரு வகை. முதல் வகையின் கட்டை இரண்டாவதில் ஏறாது. கீழே மடங்கும் இரும்புக் கட்டையோடு வந்த துப்பாக்கிகளின் பின்பகுதி முற்றிலும் வேறு. அவற்றில் மரக்கட்டைக்கான இடமே இல்லை. போதாக்குறைக்கு, பார்வைக்கு ஏ.கே. போலவே இருந்து உள்ளே வேறு இயந்திரமாக இயங்கும் செக்கோஸ்லோவாகியாவின் விஸட்-58ம் இந்தியப் படைகளிடம் உண்டு. அதன் ஒரு பாகமும் ஏ.கே.யில் சேராது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாராகும் 'திருச்சி அஸால்ட் ரைஃபிள்' ஏ.கே. வழி வந்ததே, அதிலும் நிலையான கட்டை, மடங்கும் கட்டை என இரு வடிவங்கள். ஆக, 'ஏ.கே. கட்டை, இத்தனை ஆயிரம்' என்று ஒற்றை வரியில் டெண்டர் விடுகிறவர், பாதிக் கட்டைகள் கோத்தின் மூலையில் தூசி படிவதைப் பார்க்க நேரும். முதலில் கையிருப்பை ரகவாரியாக எண்ண வேண்டும். அலுப்பான வேலை, தவிர்க்க முடியாத வேலை.

நான்காவது, மடிப்பு. கார்பைனின் பிறவிக் காரணமே குறுகிய இடம்: வண்டியின் உட்புறம், மாடிப்படி, ஹெலிகாப்டர். கான்பூர் ஆலையில் பல பத்தாண்டுகள் தயாரான 9 மி.மீ. ஸ்டெர்லிங் கார்பைன் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். விரித்தால் சுமார் 70 செ.மீ., இரும்புக் கட்டையைக் கீழே மடித்தால் அரை மீட்டருக்கும் குறைவு. ஏ.கே.யில் மடிப்பு வேறு சிக்கல்களைக் கொண்டு வருகிறது. அதன் பாதுகாப்பு நெம்புகோலும் போல்ட் கைப்பிடியும் வலப்புறம் இருக்கின்றன. கட்டை வலப்புறம் மடிந்தால், மடித்த நிலையில் அவற்றை இயக்குவது சிரமம். இடப்புறம் மடிந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சில துப்பாக்கிகளில் தொலைநோக்கிக் குறி மாட்டும் தண்டவாளம் இடப்புறம் இருக்கும். கேட்லாக் படத்தில் இரண்டும் அழகாகவே தெரியும். கையில் எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு, இருட்டில் மடித்து விரித்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

மடிப்பின் முட்டியும் நகரும் கட்டையின் பூட்டும் தளரக் கூடாது. புதிதில் துளி ஆட்டம் இருந்தால் ஒரு வருடத்தில் அது லொடலொடப்பாகும். கட்டை ஆடினால் கன்னமும் ஆடும், குறியும் ஆடும். இதில் இந்தியாவுக்கே உரிய சோதனை ஒன்று உண்டு. இங்கே துப்பாக்கிக் கட்டை ஆயுதமாகவும் பயன்படுகிறது. பூட்டிய கதவை இடிக்க, நெருங்கி வருபவரைத் தள்ள, சரிவில் ஊன்றி ஏற. மரக்கட்டை இதையெல்லாம் தாங்கியது. மெல்லிய பிளாஸ்டிக் தாங்காது. கூட்டத்தைக் கட்டைகொண்டு அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்வது வேறு விஷயம். அது சொல்லப்படவும் வேண்டும். ஆனால் கைகலப்பு நேரும் தொழிலில் உள்ளவருக்கு ஒரே அடியில் முறியும் கட்டையைக் கொடுக்க முடியாது.

பிறகு பொருள். வால்நட் மரம் துப்பாக்கிக்கென்றே பிறந்தது என்பார்கள். இமயமலைச் சாரலின் வால்நட்டும் அந்த வேலைக்குப் போயிருக்கிறது. மரம் உதையை வாங்கும், கையில் சுடாது, குளிராது. ஆனால் சிரபுஞ்சியின் மழையில் ஊறி உப்பும், ஜெய்சல்மேரின் வெயிலில் காய்ந்து வெடிக்கும். இரும்புக் கம்பிக் கட்டை எதற்கும் அசையாது. ஆனால் உறைபனியில் அதில் வெறும் கன்னத்தை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி இழை கலந்த நைலான் இரண்டுக்கும் நடுவே நல்ல சமரசம். ஆனால் எந்த நைலான் என்பது முக்கியம். மைனஸ் முப்பது டிகிரியில் ஒரு ரகம் ரப்பர் போல இருக்கும், இன்னொரு ரகம் பிஸ்கட் போல உடையும். கார்கிலில் விரிசல் விட்ட மேகஸின்கள் அதைத்தான் சொன்னன. விலைப்பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர்: பாலிமர்.

சின்ன விஷயங்களும் உண்டு. ஏ.கே.யின் நிலையான மரக்கட்டைக்குள் ஒரு பொந்து. துப்புரவுக் கருவிகளின் டப்பா அதற்குள் இருக்கும். புதுக் கட்டையில் அந்த இடம் இல்லையென்றால் டப்பா முதுகுப் பைக்குப் போகும், அங்கிருந்து தொலையும், பிறகு குழலில் துரு ஏறும். தோள்வார் மாட்டும் வளையம் இடது கைக்காரருக்கும் வசதியாக இரு பக்கமும் இருக்கிறதா? கட்டையின் முனையில் உள்ள ரப்பர் ஜாக்கெட்டின் துணியில் வழுக்காமல் நிற்கிறதா? வேகமாகத் தோளுக்கு ஏற்றும்போது எங்கேயும் மாட்டிக்கொள்கிறதா? எல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், துப்பாக்கியைத் தினமும் சுமப்பவரிடம் கொடுத்தால்.

அங்கேதான் இடிக்கிறது. கட்டையைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அதைச் சுமப்பவர் கடைசியில்தான் வருகிறார், வந்தால். தர வரையறையை எழுதுவது தலைமையகம். சோதிப்பது ஒரு குழு. வாங்குவது, தேறியவற்றில் மிகக் குறைந்த விலை சொன்னவரிடம். வரையறையில் 'கூட்டிக் குறைக்கக்கூடிய கட்டை' என்று மட்டும் இருந்தால், கூட்டிக் குறைக்கும் எந்தக் கட்டையும் தேறிவிடும். குறைந்த விலைக்காரர் ஆட்டம் காணும் பூட்டையும் பிஸ்கட் நைலானையும் கொண்டு வருவார். விதி மீறல் எதுவும் இருக்காது. கோப்பு சுத்தமாக இருக்கும்.

ராணுவத்தின் நிலை மெல்ல மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அமேதியின் கோர்வாவில் தயாராகும் ஏ.கே.-203 ரைஃபிளின் கட்டை மடங்கும், நீளமும் மாறும். 2021 ஒப்பந்தத்தின்படி ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவை வர வேண்டும். கார்பைன் கதை நீண்டது. 93,895 கார்பைன்களுக்காக 2018ல் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் கராகல் தேர்வாகி, 2020ல் கைவிடப்பட்டது. பிறகு உள்நாட்டில் 4.25 லட்சம் கார்பைன்கள் வாங்கும் முயற்சி தொடங்கி, 2025 டிசம்பரில் பாரத் ஃபோர்ஜ், பி.எல்.ஆர். சிஸ்டம்ஸ் நிறுவனங்களோடு 2,770 கோடி ரூபாய் ஒப்பந்தமாக முடிந்தது. ஆனால் புதியவை எல்லாம் முதலில் போவது முன்னணிப் படைகளுக்கு. சத்தீஸ்கரின் மாவட்டப் போலீஸுக்கும், தேர்தல் பணிக்கு ரயிலில் நாடு சுற்றும் மத்தியப் படைக்கும், கருவூல வாசலில் நிற்கும் காவலருக்கும் இன்னும் நெடுங்காலம் பழைய இன்சாஸும் பழைய ஏ.கே.யும்தான். மாற்றுக் கட்டை அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. அவர்களிடம்தான் அதற்கான பணம் குறைவு.

நகரும் கட்டை வந்தாலும் வேலை முடிவதில்லை. எந்த நிலை தனக்கு உரியது என்று யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டால், கோத்தில் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் எடுத்துச் சுட்டுவிட்டு அதே நிலையில் திருப்பி வைப்பார்கள். ஆறு நிலைக் கட்டை அப்போது ஒரு நிலைக் கட்டையே.

வழி கடினமானதல்ல. ஆள் சேர்ப்பு முகாமில் ஏற்கெனவே உயரம் அளக்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், மார்பு 80 செ.மீ. இருக்கிறதா, மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிகிறதா என்று நாடா பிடிக்கிறார்கள். அதே நாடாவால் முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை ஒரு முறை அளந்து பதிவேட்டில் எழுதலாம். சில ஆயிரம் பேரின் அளவு சேர்ந்தால் எந்த நீளத்தில் எத்தனை கட்டை வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். நகரும் கட்டை வாங்கப் பணம் இல்லாத மாநிலங்கள், நிலையான கட்டையையே மூன்று அளவில் வாங்கலாம், விலை அதிகமாகாது. ஆர்மரருக்கு அளவு பார்த்துப் பொருத்தும் அதிகாரத்தைக் கொடுக்கலாம். பட் நம்பருக்குப் பக்கத்தில் அளவையும் பெயின்டால் எழுதிவிடலாம். சுடும் பயிற்சியை ஜாக்கெட்டோடு நடத்தலாம்.

பூட்ஸ் வழங்கும்போது ஏழா எட்டா என்று கேட்கிறார்கள். தொப்பிக்குத் தலையைச் சுற்றி அளக்கிறார்கள். பொருந்தாத பூட்ஸ் அதைப் போட்டவரின் காலைத்தான் கடிக்கும். நெரிசலான சந்தைத் தெருவில் பொருந்தாத கட்டையிலிருந்து இரண்டு அங்குலம் விலகிப் போகும் தோட்டாவுக்கு, அந்தப் பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டிருப்பவர் யார் என்று தெரியாது.